பெயர் தவறிய பூச்சிகள்

நிலையாமையைச் சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் ஈசலைத்தான் கூப்பிடுவோம். மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து கிளம்பி, லாம்பைச் சுற்றிச் சுற்றி, விடிவதற்குள் சிறகுதிர்ந்து விறாந்தையில் கிடக்கும் ஈசல். ஐரோப்பியருக்கு அந்த இடத்தில் இருப்பது வேறொரு பூச்சி. ஆங்கிலத்தில் மேஃப்ளை, பிரெஞ்சில் எபெமேர். எபெமேர் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'ஒரு நாளுக்கானது' என்று பொருள். ஹிப்பானிஸ் என்ற ஆற்றோரத்தில் கோடையில் தோன்றி அன்றைக்கே சாகும் பூச்சியைப் பற்றி அரிஸ்ரோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஈசல் கறையான் கூட்டத்தைச் சேர்ந்தது. இது நீரிலே பிறப்பது. இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. தமிழில் இதற்கு வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் கிடையாது என்பதால், இக்கட்டுரையில் ஒருநாட்பூச்சி என்றே எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பெயரே ஒரு பிழை. இந்தப் பூச்சி நீருக்கடியில் மாதக் கணக்காக வாழ்கிறது. சில இனங்கள் ஒரு வருடத்துக்கு மேலும் வாழ்கின்றன. கல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்று, திரும்பத் திரும்பத் தோலுரித்து வளர்கிறது. பிறகொரு நாள் மேலே வந்து சிறகு விரிக்கிறது. சிறகு வந்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கிறது. பூச்சிகளில் வேறு எந்தக் கூட்டமும் இப்படிச் செய்வதில்லை. அந்தக் கடைசி உருவத்துக்கு உண்ணக்கூடிய வாய் இல்லை. புணர்ந்து, முட்டையிட்டு, சாகிறது. கரையில் நின்ற மனிதர் கண்டது இந்தக் கடைசி நாளை மட்டும்தான். அதை வைத்தே முழு வாழ்வுக்கும் பெயர் வைத்து விட்டார்கள்.

மொரொக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய நாடுகளின் மலையோடைகளில் வாழும் ஒருநாட்பூச்சிகள் பெயர் பெற்ற வரலாறும் இப்படித்தான். கரையில் நின்று பார்த்தவர்களின் பெயர்கள் முதலில் வந்தன. கல்லைப் புரட்டிப் பார்த்தவர்களின் பெயர்கள் மிகவும் பிந்தி வந்தன. ஒரு பூச்சியின் பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பெயர் பிழைத்தால் அந்தப் பூச்சி கணக்கிலேயே இல்லாமற் போகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

*

முதலில் பெயர் வைக்கும் முறையைப் பார்ப்போம். தமிழ்மொழி மூலம் விலங்கியல் படித்தவர்களுக்கு அந்த ஏணி நினைவிருக்கும்: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். பல்கலைக்கழகத்தை நான் பாதியில் விட்டு வந்தாலும் இந்த ஏழு சொற்களும் என்னை விட்டுப் போகவில்லை. வருணமும் சாதியும் இனமும் ஒரே ஏணியில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து வகுப்பில் நாங்கள் சிரித்திருக்கிறோம். மனிதரைப் பிரித்து ஒதுக்கப் பயன்பட்ட சொற்கள் பூச்சிகளிடத்தில் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. எது எதற்கு உறவு என்பதை மட்டுமே அங்கே அவை சொல்கின்றன. எது உயர்வு, எது தாழ்வு என்று சொல்வதில்லை. ஒருநாட்பூச்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருணம். அதற்குள் பல குடும்பங்கள், குடும்பத்துக்குள் சாதிகள், சாதிக்குள் இனங்கள்.

விலங்குகளின் பெயர்க்கணக்கு லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட பதிப்பிலிருந்து தொடங்குகிறது. ஓர் இனத்தை முதலில் முறையாக விபரித்தவர் வைத்த பெயரே நிற்கும். அவர் எந்த உடலைப் பார்த்து விபரித்தாரோ அந்த உடல் அப்பெயருக்குச் சாட்சியாக ஒரு நூதனசாலையில் பாதுகாக்கப்படும். பிறகு எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த உடலிடம்தான் போக வேண்டும். நியாயமான முறைதான். ஆனால் யார் முதலில் வந்தார்கள், யாருடைய படையோடு வந்தார்கள், சாட்சி உடலை எந்த நகரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று அந்த விதி கேட்பதில்லை.

*

வட ஆபிரிக்காவுக்கு விஞ்ஞானம் பெரும்பாலும் படைகளின் பின்னால்தான் வந்தது. நெப்போலியன் 1798 இல் எகிப்துக்குக் கப்பலேறியபோது பீரங்கிகளோடு அறிஞர் கூட்டமொன்றையும் ஏற்றிச் சென்றான். அவர்களில் ஒருவர் சவின்யி. அப்போது அவருக்கு 21 வயது. எகிப்தின் சிறு உயிர்களை அவருக்கு முன் யாரும் பார்த்திராத நுணுக்கத்தோடு பார்த்துப் படங்களாக்கினார். திரும்பி வந்து வேலையை முடிப்பதற்குள் கண்நோய் பிடித்தது. வெளிச்சத்தைப் பொறுக்க முடியாமல் வாழ்வின் கடைசிக் காலத்தை இருட்டிலேயே கழித்து 1851 இல் இறந்தார். படங்கள் அச்சேறின, விளக்கங்களை எழுத அவரால் முடியவில்லை, ஓடுவென் என்பவர் எழுதினார். ஜெனீவாவைச் சேர்ந்த பிக்தே 1843 இல் ஓர் ஒருநாட்பூச்சிக்குச் சவின்யியின் பெயரை வைத்தார். நைல் உட்பட ஆபிரிக்க ஆறுகளில் வாழும் அந்தப் பூச்சிக்கு இன்றும் எபோரோன் சவின்யி என்றுதான் பெயர்.

பிரான்சு 1830 இல் அல்ஜீரியாவில் இறங்கியது. பத்து வருடத்தில், 1840 தொடக்கம் 1842 வரை, எகிப்தின் மாதிரியில் ஒரு விஞ்ஞான ஆய்வுக்குழு அனுப்பப்பட்டது. ஒருபுறம் கிராமங்கள் எரிந்துகொண்டிருக்க மறுபுறம் வண்டுகளும் சிலந்திகளும் ஊசியில் குத்தப்பட்டன. பூச்சிப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த லூக்காசின் பெரிய நூல் 1849 இல் வெளிவந்தது. ஆனால் அந்தக் காலத்துச் சேகரிப்பு முறை ஒருநாட்பூச்சிக்கு ஒத்துவராது. வண்டை ஊசியில் குத்தினால் நூறு வருடம் இருக்கும். இதைக் குத்தினால் காய்ந்து சுருங்கி, வாலும் காலும் உதிர்ந்து, என்னவென்றே தெரியாத சருகாகிவிடும்.

இந்தப் பூச்சிகளை ஒழுங்குபடுத்தியவர்களில் ஒருவர் ஈற்றன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1883 இலிருந்து 1888 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பெருநூல் உலகத்து ஒருநாட்பூச்சிகள் அனைத்தையும் ஒரே ஒழுங்கில் வைக்க முயன்றது. தேவாலயத்தில் இருந்துகொண்டு புத்தகம் எழுதிய ஆளல்ல. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1874 இல் தென்கடலின் கேர்கெலன் தீவுக்குப் போன குழுவில் இயற்கை ஆய்வாளராக இருந்தவர். 1890களில் அல்ஜீரியாவுக்குப் போய் ஓடைகளில் தானே பிடித்தார். அங்கே அதுவரை கண்ட இனங்களின் பட்டியலை, இடங்களோடு, 1899 இல் வெளியிட்டார். அல்ஜீரிய ஒருநாட்பூச்சிகளின் வரலாறு உண்மையில் அந்தச் சிறு பட்டியலிலிருந்தே தொடங்குகிறது.

அதன் பிறகு நீண்ட காலத்துக்கு வேலை மெதுவாகவே நடந்தது. கொதியே என்பவர் அல்ஜீரியாவிலும் துனீசியாவிலும் நீர்நிலைகளை ஆராய்ந்தார். அவர் பிடித்தவற்றை பெல்ஜியத்தைச் சேர்ந்த லெஸ்தாஜ் 1925 இல் விபரித்தார். கொதியேயின் சொந்த நூல் 1928 இல் வந்தது. ஸ்பானிய யேசுசபைத் துறவி நவாஸ் 1929 இல் அல்ஜீரியாவிலிருந்து ஓர் இனத்தை விபரித்து எக்டியோனூரஸ் ரொத்சில்டி என்று பெயரிட்டார். வேகமாக எழுதியவர் நவாஸ். அவர் வைத்த பெயர்களில் பலவற்றைப் பின்வந்தவர்கள் நீக்க வேண்டியிருந்தது, இது நின்றது. அட்லஸ் மலை ஓடையொன்றில் கல்லோடு தட்டையாக ஒட்டிக்கிடக்கும் பூச்சி, ஐரோப்பாவின் பெரும் பணக்காரக் குடும்பமொன்றின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

*

இனி ரோடானியின் கதைக்கு வருகிறேன். கட்டுரையின் மையம் இதுதான்.

முன்பு சொன்ன அதே பிக்தே 1843 இல் இன்னோர் இனத்துக்கு ரோடானி என்று பெயர் வைத்தார். ரோன் ஆற்றுக்குரியது என்று பொருள். ஜெனீவா ஏரியிலிருந்து வெளியேறுகிறதே, அந்த ரோன். இன்றைக்கு அது பேற்றிஸ் ரோடானி என்று அழைக்கப்படுகிறது. ஐரோப்பாவில் எந்த ஓடையில் கல்லைப் புரட்டினாலும் அகப்படக்கூடிய மிகச் சாதாரணமான பூச்சி. ஆகவே மத்தியதரைக் கடலின் தென்கரையில் அதைப் போன்ற ஒன்று வலையில் வந்தபோதெல்லாம் ரோடானி என்றே எழுதி வைத்தார்கள். அட்லசிலும் ரோடானி, கபில் மலையிலும் ரோடானி, துனீசியாவின் வடக்கிலும் ரோடானி.

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் இதைச் செய்யவில்லை. கையிலிருந்த திறவுகோல் நூல்கள் ஐரோப்பிய இனங்களுக்காக எழுதப்பட்டவை. அந்த நூலில் இரண்டு வழிதான் இருக்கும்: அப்படியானால் இது, இப்படியானால் அது. மூன்றாவதாக ஒன்று வந்து நின்றால், இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறதோ அதற்குள் தள்ளிவிட வேண்டியதுதான்.

இந்த முறை எங்களுக்குப் புதிதல்ல. நான் வேலை செய்யும் குசினியில் வங்காளியும் ஒன்றுதான், சிங்களவரும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான். எல்லோரும் 'அந்தியேன்'. யாரும் பகையோடு சொல்வதில்லை. இருக்கிற பெயருக்குள் போடுகிறார்கள், அவ்வளவுதான். அகதி விண்ணப்பப் பத்திரத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டே கட்டங்கள் இருந்ததால் தகப்பனின் பெயர் குடும்பப்பெயராகி, பிள்ளைக்குப் பாட்டனின் பெயரால் கூப்பிடப்படும் விதி வந்தது உங்களிலும் பலருக்கு நடந்திருக்கும்.

கட்டங்கள் போதாது என்று கண்டுபிடிக்க 1980கள் வரை பொறுக்க வேண்டியிருந்தது. துலூசைச் சேர்ந்த அலென் தோமாவும், செக்கோஸ்லொவாக்கியாவைச் சேர்ந்த தொமாஸ் சொல்தானும் அல்ஜீரியாவிலிருந்து புதிய இனங்களையும் அதிகம் அறியப்படாத இனங்களையும் விபரித்து 1983 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதே வருடம் இந்த இருவரோடு துனீசியரான பூமைசாவும் சேர்ந்து இன்னோர் இனத்தை விபரித்தார். மொரொக்கோவில் ரபாத் நகரிலிருந்து தக்கி என்பவர் ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தார்.

அவர்கள் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். வலையோடு ஓடைக்குள் இறங்கி, மேற்புறமிருந்து கல்லைப் புரட்டிக் கழுவினால் பூச்சிகள் நீரோட்டத்தோடு வலைக்குள் வரும். மதுசாரத்தில் போட வேண்டும். போட்டால் நிறம் போய்விடும். பூக்கள், மீனுக்குச் செவுள் என்கிறோமே அதன் வேலையைச் செய்பவை, வயிற்றின் இருபுறமும் இலை போல வரிசையாக இருக்கும். கவனமில்லாமல் குலுக்கினால் அவையும் கழன்றுவிடும். பிறகு மேசையில் நுணுக்குக்காட்டியின் கீழ் வாயுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பரப்ப வேண்டும். மேலுதட்டில் எத்தனை மயிர், நகத்தில் எத்தனை பல், பூவின் ஓரத்தில் முள் இருக்கிறதா இல்லையா என்று எண்ண வேண்டும். நீருக்குள் வாழும் பருவத்தை எங்கள் பாடப்புத்தகம் அணங்கு என்று அழைத்தது. இந்த அணங்குக்கும் சிறகு வைத்த பூச்சிக்கும் முகச்சாயல்கூட ஒன்றில்லை. இது வளர்ந்தால் அதுதான் ஆகும் என்று நிறுவ, உயிரோடு வைத்து வளர்த்து, சிறகு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆணின் வயிற்று நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் சிறு கொடுக்கின் வடிவம்தான் பெரும்பாலும் கடைசித் தீர்ப்பைச் சொல்லும்.

இப்படிப் பார்த்தபோது, ரோடானியைப் போலத் தெரிந்தவற்றில் பூவின் ஓரம் முள்ளில்லாத ஒன்று தனியே நின்றது. முள்ளற்றது என்ற பொருளில் பேற்றிஸ் சைனெஸ்பைனோசஸ் என்று பெயர் வைத்தார்கள். 140 வருடம் பழைய பெயரின் கீழ் வேறோர் உயிர் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அதன் பிறகு வந்த பெயர்களை வாசித்துப் பாருங்கள். பண்டைய நுமிடியாவுக்காக நுமிடிகஸ். கார்தேஜ் மக்களுக்காகப் பியூனிகஸ். மலைத்தொடருக்காக அட்லஸ். மரக்கேசுக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்குக்காக ஊரிகா, 1985. மத்திய அட்லசின் இஃப்ரான் நகருக்காக இஃப்ரனென்சிஸ், 1988. ரோமரின் இடிந்த நகருக்காக வொலுபிலிஸ், அதுவும் 1988. அல்ஜீரியாவின் மிக நீண்ட ஆற்றுக்காகச் செலிஃப், 2005. தோமா 1998 இல் துலூசில் வெளியிட்ட வட ஆபிரிக்கப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பூச்சிகள் தங்கள் ஊர்ப் பெயருக்குத் திரும்பிக்கொண்டிருப்பது போலத் தெரியும். இலத்தீன் உடுப்புத்தான். ஆனாலும் ஊர் தெரிகிறது.

ஏன் அங்கே தனி இனங்கள் உண்டாயின? ஏறத்தாழ 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், வற்றிச் சுருங்கிக் கிடந்த மத்தியதரைக் கடலுக்குள் அத்திலாந்திக் நீர் புகுந்து, இரண்டு கரைகளையும் மீண்டும் பிரித்தது. இந்தப் பூச்சிக்குச் சிறகிருப்பது சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். கடல் கடக்க அது போதாது. தெற்கே சகாரா. நடுவிலே ஓடைகள், அவற்றிலும் பல கோடையில் வற்றுபவை. வற்றாத மேலோடைகள் ஒவ்வொன்றும் ஒரு தீவு போல. பெரும்பாலான இனங்களுக்கு உறவு ஐரோப்பாவோடுதான். ஆனால் தக்கியும் ஜியுதிசெல்லியும் 1980 இல் மொரொக்கோவிலிருந்து விபரித்த ஒலிகோநியூறியொப்சிஸ் ஸ்கூனாத் போன்ற சிலவற்றின் சொந்தக்காரர் சகாராவுக்குத் தெற்கே இருக்கிறார்கள்.

*

இந்த வேலை சூடுபிடித்து வந்த நேரத்தில் அல்ஜீரியாவில் 1992 சனவரித் தேர்தல் நிறுத்தப்பட்டு உள்நாட்டுப் போர் தொடங்கியது. பத்து வருடத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆயுதக் குழுக்கள் மலைக்காடுகளில் இருந்தன; இராணுவம் அங்கே குண்டு போட்டது. ஒருநாட்பூச்சிகள் இருப்பதும் அதே மலைகளில், அதே வற்றாத ஓடைகளில். என்னோடு கோப்பை கழுவும் கபில் மலைக்காரர், அறுபதை எட்டியவர், அந்த வருடங்களில் தங்கள் ஊர் ஓடைக்கு ஆடுகளைக்கூட ஓட்டிப்போக முடியவில்லை என்று சொன்னார். வலையும் போத்தலும் கொண்டுபோகிறவனை இரண்டு தரப்பும் என்ன நினைத்திருக்கும் என்று நான் கேட்டேன். சிரித்துவிட்டு, "அவன் திரும்பி வந்திருந்தால் அல்லவா கேட்கலாம்" என்றார். வன்னிக் காடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர் கணக்கெடுப்பையும் கொல்கிறது. எது இருந்தது என்று எழுதப்படாத இடத்தில் எது போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

*

பெயர் தவறுவதில் ரோடானியை விடப் பெரிய கதை ஒன்றிருக்கிறது. ஜொஃப்ருவா என்ற பிரெஞ்சுக்காரர் 1762 இல் ஒரு விசித்திரமான நீருயிரை விபரித்தார். முதுகு முழுவதும் கேடயம் மூடியது, வால் இறகு போன்றது, வண்டும் இல்லை, இறாலும் இல்லை. இலத்ரேய் 1833 இல் புறொசொபிஸ்தோமா என்று சாதிப்பெயர் வைத்து, நண்டு இறால் வகுப்பில் சேர்த்தார். ஜொலி என்ற குடும்பப்பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் 1870களின் தொடக்கத்தில்தான் இது ஒருநாட்பூச்சியின் அணங்கு என்று காட்டினார்கள். கேடயத்துக்கு அடியில் பூக்கள் மறைந்திருந்தன. நூறு வருடத்துக்கு மேலாக ஓர் உயிர் வகுப்பே மாறி, தவறான கூட்டத்தில் இருந்திருக்கிறது.

ஐரோப்பாவில் விபரிக்கப்பட்ட அந்தப் புறொசொபிஸ்தோமா இன்று அங்கே பெரும்பாலான ஆறுகளில் இல்லை. அணைகளும் அழுக்கும் அதை முடித்துவிட்டன. வட ஆபிரிக்காவில் காணப்பட்டவற்றையும் அதே இனம் என்று எண்ணியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 2015 இல் அல்ஜீரியாவிலிருந்து ஒரு புதிய இனமும், 2022 இல் மொரொக்கோவிலிருந்து மரொக்கானும் என்ற இனமும் விபரிக்கப்பட்டன.

இப்போது கொடுக்கையும் மயிரையும் எண்ணுவதோடு மரபணுவையும் வாசிக்கிறார்கள். ஐரோப்பிய ரோடானிகூட ஒன்றல்ல, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் பல பரம்பரைகளின் கூட்டம் என்று 2006 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. எல்லோருக்கும் தன் பெயரைக் கொடுத்தவனுக்கே அந்தப் பெயர் முழுதாகச் சொந்தமில்லை.

துனீசியாவிலிருந்து 2011 இல் றித்ரோஜீனா சார்தோரிய் என்ற இனம் விபரிக்கப்பட்டது. விபரித்தவர்களின் பெயர் வரிசையில் முதலிரண்டும் துனீசியர்: ஸ்ரெல்லி, பூமைசா. பெயர் சூட்டிய கை துனீசியக் கை. சூட்டப்பட்ட பெயரோ சுவிற்சர்லாந்து ஆய்வாளருடையது. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பல வருடம் கூட வேலை செய்தவருக்குச் செய்த மரியாதை அது. ரொத்சில்டியின் பெயருக்கும் இதற்கும் இடையில் 82 வருட வித்தியாசம் இருக்கிறது. பின்பு அதே பூச்சி அல்ஜீரியாவிலும் காணப்பட்டது.

*

ஓடையின் நீர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அறிய ஒருநாட்பூச்சிகளைப் பார்ப்பது வழக்கம். எந்த இனம் இருக்கிறது, எது காணாமற் போயிருக்கிறது என்பதை வைத்து நீருக்குத் தீர்ப்பு எழுதுவார்கள். ஓடையின் பூச்சியைப் பார்த்து "இது ரோடானி, ஐரோப்பா முழுவதும் கிடக்கிறது" என்று எழுதினால், அந்த ஓடையின் நீரைக் குழாயில் திருப்பித் தோட்டத்துக்குக் கொண்டுபோவதற்கோ, அணை கட்டுவதற்கோ எந்தத் தடையும் இராது. ஜெனீவாவில் இருக்கிற பூச்சி அட்லசில் அழிந்தால் என்ன நட்டம்? ஆனால் அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் என்று எழுதப்பட்டால், அந்த ஓடை அதன் ஒரே வீடு என்று ஆகிறது. பூச்சி ஒன்றுதான், ஓடை ஒன்றுதான். மாறியது பெயர் மட்டும்.

வட ஆபிரிக்காவில் மழை குறைந்து வருகிறது. முன்பு வற்றாதிருந்த ஓடைகளும் வற்றுகின்றன. முதற்பெயர்களின் சாட்சி உடல்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய நூதனசாலைகளில் மதுசாரப் போத்தல்களிலும் கண்ணாடித் தகடுகளிலும் பத்திரமாக இருக்கின்றன. அவை அங்கே இருக்கட்டும், கெடாமலாவது இருக்கின்றன. ஆனால் போத்தலுக்குள் இருப்பது சாட்சி மட்டுமே. எதற்குச் சாட்சியோ அது இன்னும் ஏதோவொரு மேலோடையில், கல்லுக்கு அடியில், பாசியைச் சுரண்டிக்கொண்டு இருக்கிறது. அதில் இன்னும் எத்தனை பேர் ரோடானி என்ற பெயரின் கீழ் வேறு உயிராக இருக்கிறார்கள் என்பது, அடுத்த கோடைக்கு முன் யார் அங்கே போய் அந்தக் கல்லைப் புரட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.